ஒன்பது புள்ளி இரண்டு

கண்டக்டர் நல்லதம்பிக்கு ரத்தம் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் ஷமீமா எழுதிக் கொடுத்த அன்று காலையில்தான் ஹெப்சிபாவுக்குத் தான் செய்த தவறு தெரிந்தது.

பொன்னாறு மாவட்டப் புற்றுநோய் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவள் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். கோப்பில் நல்லதம்பியின் ரத்தம் ஏ பாசிட்டிவ் என்று இருந்தது. அவருக்கு ஏற்ற வந்திருந்த ஏ பாசிட்டிவ் பையிலிருந்து ஒரு துளியை எடுத்து அவருடைய ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தாள். திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாக நின்றது. வகை பொருந்தவில்லை. கை தவறியிருக்கும் என்று நினைத்து, வார்டுக்குப் போய் அவரிடம் புதிதாக ரத்தம் எடுத்து வந்தாள். பி பாசிட்டிவ். மறுபடியும் பார்த்தாள். பி பாசிட்டிவ்தான்.

கீமோவில் தலைமுடி போகும், எடை போகும், நாக்கு ருசி போகும். ரத்த வகை போகாது.

பதினான்கு மாதத்துக்கு முன் அவர் முதன்முதலாக வந்த நாளின் பதிவேட்டைத் திறந்தாள். பா. நல்லதம்பி, வயது 61, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். நான்கு வரி கீழே இன்னொரு பா. நல்லதம்பி, வயது 62, டெய்லர். இரண்டு பேருக்கும் கணையத்தில் புற்றுநோய். இரண்டுமே முற்றி, ஈரலுக்குப் பரவிய நிலை. டெய்லர் எப்போதோ குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர். அந்தப் பழைய கோப்பைத் தேடி எடுத்தாள். டெய்லரின் ரத்தம் ஏ பாசிட்டிவ்.

அன்றைக்கு இரண்டு குழாய்களிலும் லேபிள் ஒட்டியவர் என்ற இடத்தில் 'இ. ஹெப்சிபா' என்று அவளுடைய கையெழுத்தே இருந்தது.

டெய்லர் நல்லதம்பி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

இதில் இவ்வளவு பதற என்ன இருக்கிறது என்று புரிய வேண்டுமானால் 'நாடி'யைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அரசாங்கம் எல்லா மாவட்டத்திலும் வைத்த ஒரு கம்ப்யூட்டர். நாடி ஜோசியத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று தனியாக ஓர் அரசாணையே வந்தது. புற்றுநோயாளியின் ரத்தத்தைக் கொடுத்தால், உடம்புக்குள் எவ்வளவு அழற்சி இருக்கிறது என்று ஒரு எண் சொல்லும். ஐந்துக்குள் இருந்தால் கீமோ உண்டு. ஐந்தைத் தாண்டினால் கீமோ கிடையாது. இன்னும் எத்தனை வாரம் என்று அச்சடித்த ஒரு தாளும், 'அமைதிப் பிரிவு' என்ற கட்டிடத்தில் ஒரு கட்டிலும் கிடைக்கும். ஜனங்கள் அந்த எண்ணை 'சூட்டு நம்பர்' என்றார்கள்.

கண்டக்டர் முதல் நாளே டாக்டரிடம் மல்லுக்கு நின்றவர். முப்பத்திரண்டு வருடம் டவுன் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிறவர்களோடு சண்டை போட்ட குரல் அவருக்கு.

"ஒரு சொட்டு ரத்தத்துல அப்படி என்னம்மா தெரிஞ்சிரும்?" என்று கேட்டார்.

டாக்டர் ஷமீமா பொறுமையாகத்தான் சொன்னாள். "ரத்தத்துல ரெண்டு வகை வெள்ளை அணு இருக்குய்யா. சத்தம் கேட்டதும் கம்பை எடுத்துக்கிட்டு ஓடுறது ஒண்ணு. யார் எதிரின்னு நின்னு பார்த்து ஞாபகம் வெச்சுக்கிறது இன்னொண்ணு. இந்த நோய் முத்தினா முதல் கூட்டம் பெருகிடும், ரெண்டாவது கூட்டம் குறைஞ்சிடும். அதை இதால வகுக்குறோம். கூடவே கல்லீரல் செய்யுற ஒரு புரதத்தையும் பார்க்குறோம்."

"எண்ணு கூடிப்போனா?"

"கீமோ பொதுவா அவ்வளவா வேலை செய்யாது."

"பொதுவான்னா?"

"பொதுவான்னா பொதுவாத்தான். நூறு பேரைச் சேர்த்து வெச்சுப் பார்த்தா அப்படி. ஒருத்தரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது."

அந்தப் 'பொதுவாக' என்ற சொல் கோட்டையிலிருந்து வந்த அரசாணையில் இல்லை. டைப் அடிக்கும்போது இடம் போதாமல் விட்டிருக்கலாம்.

எண் வந்த பிறகு ஊர் தன் வழியைப் பார்த்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி 'பதினைந்தே நாளில் சூடு குறைப்பு' மையங்கள் முளைத்தன. பரிசோதனைக்குப் போகிறவரிடம் வீட்டில் யாரும் கெட்ட செய்தி சொல்ல மாட்டார்கள். எதிர்த்துப் பேச மாட்டார்கள். இளநீரும் வெந்தயமுமாக உள்ளே போகும். பல்லில் சீழ் வைத்திருந்த ஒரு வாத்தியாருக்கு அதனாலேயே எண் எட்டுக்குப் போய்விட்டது. பல்லைப் பிடுங்கிவிட்டு வந்து மறுபரிசோதனை கேட்டார். எண் ஒருவருக்கு ஒரு முறைதான் என்று விதி. மறுபரிசோதனை செய்தால் சில சமயம் வேறு எண் வந்துவிடுகிறது, அதனால் துல்லியம் கெடுகிறது என்பது அதற்கு எழுதியிருந்த காரணம்.

அன்று டெய்லர் நல்லதம்பிக்கு வந்த எண் 9.2. பத்து வாரம் என்று நாடி சொன்னது. ஒன்பதாவது வாரத்தில் இறந்தார். கண்டக்டர் நல்லதம்பிக்கு வந்த எண் 2.8. கீமோ கொடுத்தார்கள். கட்டி பாதியாகச் சுருங்கியது. பதினான்கு மாதமாக, மருந்து ஏற்றிய வாரத்தில் வாந்தியும் மற்ற வாரத்தில் சண்டையுமாக இருக்கிறார்.

எண்கள் இடம் மாறியிருந்தன. மருந்து கிடைத்திருக்க வேண்டிய ஆள் மருந்தில்லாமல் போய்விட்டார். கிடைத்திருக்கக் கூடாத ஆளுக்கு அது கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஹெப்சிபா பி பாசிட்டிவ் பையை வரவழைத்து, ஒன்றுக்கு மூன்று முறை பார்த்து, வார்டுக்கு அனுப்பிவிட்டு டாக்டர் ஷமீமாவின் அறைக்குப் போனாள். சொல்லி முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

ஷமீமா கையிலிருந்த பேனாவை மேஜையில் வைத்தாள். "அந்த டெய்லர்கிட்ட நான்தான் சொன்னேன் ஹெப்சி. எதிரே அந்த நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தார். 'ஒன்பதா மேடம், சரி மேடம்'னு தலையாட்டினார். எழுந்து போகும்போது நாற்காலியை மேஜைக்குள்ள சரியாத் தள்ளி வெச்சுட்டுப் போனார்."

"நான் எழுதிக் குடுத்துடறேன் மேடம்."

"எழுதினா கண்டக்டருக்கு மருந்தை நிறுத்திடுவாங்க. ஒன்பதுக்குக் கிடையாதுன்னு விதி. அது தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப யோசிச்சு எழுது."

அவள் இரண்டு நாள் யோசித்தாள்.  எழுதாமல் இருந்தால் ஒரு செத்த மனிதரின் வீட்டில் பொய் தங்கிவிடும். எழுதினால் ஓர் உயிருள்ள மனிதரின் கையிலிருந்து ஊசி பிடுங்கப்படும். கடைசியில், எழுதாமல் வாயால் கேட்டுப் பார்க்கலாம் என்று மாவட்டத் துல்லிய அலுவலர் சபாநடேசனைப் பார்க்கப் போனாள்.

துல்லிய அலுவலகத்தின் வாசலில் ஒரு மின்பலகை. அதில் 98.6 என்று சிவப்பாக எரியும். நாடியின் கணிப்பு நூற்றுக்கு எவ்வளவு பலித்தது என்ற கணக்கு அது. புதிதாக வருகிறவர்கள் உடம்புச் சூடு பார்க்கும் இடம் என்று நினைத்து வரிசையில் நிற்பதுண்டு. சபாநடேசன் ஒல்லியான, மரியாதையான மனிதர். மேஜையில் தூசி இருக்காது. ஹெப்சிபா சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார்.

"இப்ப கோப்புல என்ன இருக்கு? கண்டக்டர் 2.8. மருந்து குடுத்தோம், உயிரோட இருக்கார். நாடி சொன்னது சரி. டெய்லர் 9.2. பத்து வாரம்னு சொன்னது, ஒன்பதுல போயிட்டார். அதுவும் சரி. ரெண்டு சரி."

"ஆனா சார், அது—"

"இருங்க. நீங்க சொல்றபடி திருத்துறோம்னு வெச்சுக்குவோம். கண்டக்டர் 9.2. பத்து வாரத்துல போயிருக்கணும், போகல. தப்பு. டெய்லர் 2.8. இருந்திருக்கணும், இல்ல. தப்பு. ரெண்டு தப்பு." பேனாவை மூடி வைத்தார். "நீங்க தப்பு பண்ணதால ரெண்டு கணிப்பும் சரியா இருக்கும்மா. உங்க தப்பைச் சரி பண்ணினா ரெண்டு கணிப்பும் தப்பாயிடும். நான் துல்லிய அலுவலர். நான் எதைச் செய்யட்டும்?"

 ஹெப்சிபா கோடு போட்ட அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? ஒன்பது வாங்கினவங்களுக்குக் கீமோ வேலை செய்யாதுன்னு எப்படித் தெரியும்?"

"ஒன்பது வாங்கினவங்க எல்லாரும் சீக்கிரம் போயிடறாங்களே."

"அவங்கள்ல எத்தனை பேருக்குக் கீமோ குடுத்தோம்?"

"யாருக்கும் குடுக்கல. அதுதான் விதி."

"அப்ப கீமோ இல்லாம போயிட்டாங்கன்னுதானே சார் அர்த்தம்?"

 சபாநடேசன் சுவரிலிருந்த மூன்று துல்லியக் கேடயங்களை ஒரு தடவை பார்த்தார். "நாடி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்த தகவலை வெச்சுத் தானே பாடம் படிக்குது. உங்களை விடவும் என்னை விடவும் அதுக்கு நிறையத் தெரியும். நீங்க போய் வேலையைப் பாருங்க. இந்த விஷயம் இந்த அறையோட இருக்கட்டும்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

கண்டக்டரிடம் அவள் மறுநாள் சொன்னாள். ரத்தம் ஏறியதில் அவர் கன்னத்தில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து நர்ஸிடம் இட்லியின் கனத்தைப் பற்றிப் புகார் செய்துகொண்டிருந்தார். அவர் மனைவி ரெங்கம்மாள் ஃபிளாஸ்க் கழுவப் போயிருந்தாள்.

"அண்ணாச்சி, உங்களுக்கு வந்த எண் உங்களோடது இல்ல" என்று ஆரம்பித்து, ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அவர் முகம் போன போக்கை அவள் ஒருநாளும் மறக்கவில்லை. முதலில் சிரிக்கப் பார்த்தார். பிறகு கோபம் வந்தது. "இதை எதுக்கும்மா எங்கிட்ட சொல்ற? சொல்லி என்ன ஆகப்போகுது? நான் நிம்மதியா இருந்தது உனக்குப் பொறுக்கலையா? போ... போயிரு. ரெங்கம்மா காதுல விழுந்துச்சு, நான் உன்னைச் சும்மா விட மாட்டேன்" என்று கத்தினார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் அவரே போன் செய்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"பதினாலு மாசமா அடுத்தவன் டிக்கெட்டுல உட்கார்ந்து வந்திருக்கேன். அவன் இறங்கிட்டான். அது தெரிஞ்சும் எப்படிம்மா ஜன்னலோரம் சாய்ஞ்சு உட்காருறது? அந்த டெய்லர் வீடு எங்க இருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஹெப்சிபா அவரை ஆட்டோவில் கூட்டிப் போனாள். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரே அறை வீடு. முன்பக்கம் தையல் மெஷின். டெய்லரின் மனைவி இந்திராணி பள்ளிச் சீருடைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறோம் என்றதும் கையிலிருந்ததை மடித்து வைத்துவிட்டு இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஹெப்சிபா சொன்னாள். தன் பெயரையும் சேர்த்தே சொன்னாள்.

இந்திராணி அழவில்லை. "அப்ப அவரோட எண்ணு என்ன?" என்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டு புள்ளி எட்டு."

"ரெண்டு புள்ளி எட்டா..." அவள் அதை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். "ஒன்பதுன்னு தாள் குடுத்தாங்கல்ல, அன்னியிலருந்தே அவர் பாதி ஆளாயிட்டார். மெஷின்ல உட்காரல. உடம்புக்குள்ள நெருப்பு எரியுதுன்னே நம்பிட்டார். நாங்களும் நம்பிட்டோம். காரம் இல்லாம, புளி இல்லாம, வெறும் மோரும் கஞ்சியுமாக் குடுத்தோம். கடைசி வாரம் நண்டுக் குழம்பு வேணும்னு கேட்டார். நண்டு சூடுன்னு..." அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "கெஞ்சிக் கேட்டாருங்க. நான் குடுக்கல."

கண்டக்டர் நல்லதம்பி முப்பத்திரண்டு வருடத்தில் யாரிடமும் கை கூப்பியதில்லை. அன்றைக்குக் கூப்பினார். இந்திராணி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க எதுக்கு? நீங்க என்ன பண்ணீங்க? உங்களுக்காவது கேட்டுச்சே" என்றாள். ஹெப்சிபாவின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. கிளம்பும்போது, "அவர் எண்ணை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. ஆஸ்பத்திரி முத்திரையோட வேணும்" என்றாள்.

முத்திரையோடு வேண்டுமென்றால் திருத்த வேண்டும். திருத்தினால் கண்டக்டரின் மருந்து நிற்கும்.  ஆட்டோவில் திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது கண்டக்டர் சொன்னார்.

"நாளைக்குத் திங்கக்கிழமை. கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்குற நாள். அந்தம்மாவை வரச் சொல்லு. நானும் வரேன்."

"அண்ணாச்சி, மருந்து நின்னுடும்."

"தெரியும். இப்படியே இருந்தா என்னை ரெண்டே முக்கால்னு எண்ணி, 'பார்த்தீங்களா, எங்க மெஷின் கரெக்ட்'னுவான். ஒன்பதா இருந்தேன்னு வையி, நாளைக்கு இன்னொரு ஒன்பதுக்காரன் உள்ள வரும்போது, ஒருத்தன் மருந்து சாப்பிட்டு ஒண்ணேகால் வருஷம் கிடந்தான்யான்னு சொல்றதுக்காவது ஆகும்ல?"

ரெங்கம்மாள் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து, "உங்களுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? ஊருக்கு உழைச்சது போதாதா?" என்று கேட்டாள்.  அவள் ஹெப்சிபாவைப் பார்த்து, "நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை.

கலெக்டர் அலுவலகத்தில் மனுவுக்கு ஓர் எண் போட்டுக் கொடுத்தார்கள். எண் போட்டுவிட்டால் பதில் எழுதியே ஆக வேண்டும். அதனால் பதினைந்தே நாளில் திருத்தம் நடந்தது. இந்திராணிக்கு முத்திரையிட்ட தாள் வந்தது. டெய்லர் நல்லதம்பி 'திட்டத்தின் பயனைப் பெறத் தவறியவர்' என்ற தலைப்பில் சேர்க்கப்பட்டார். அவரை இனிச் சரியிலும் எண்ண வேண்டாம், தப்பிலும் எண்ண வேண்டாம். ஹெப்சிபா லேபிள் ஒட்டும் பணியிலிருந்து நீக்கப்பட்டு, லேபிள் ஒட்டுவது எப்படி என்று மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பணியில் அமர்த்தப்பட்டாள். கண்டக்டரின் கீமோ நின்றது. அவருக்கும் ஒரு தாள் வந்தது. எண் 9.2. திருத்திய நாளிலிருந்து பத்து வாரம்.

"பதினஞ்சு மாசம் கழிச்சு முதல்லேர்ந்து எண்ணுறானா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"விதி அப்படி" என்றாள் ஷமீமா.  வலிக்கு மாத்திரைகளும், பசிக்கு ஒரு மருந்தும் எழுதிக் கொடுத்தாள்.

பத்தாவது வாரம் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கண்டக்டரின் போன் அடித்தது. சபாநடேசன்.

"எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன் சார்."

"நல்லது" என்று வைத்துவிட்டார். செவ்வாயும் அடித்தது. புதனும் அடித்தது. சனிக்கிழமை கண்டக்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. போனை எடுத்ததும், "இன்னும் போகல சார்! மன்னிச்சுக்கோங்க" என்றார்.  அந்தப் பக்கம் சபாநடேசன் சிரித்துவிட்டார். அந்த அலுவலகத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. வெளியே இருந்த பியூன் உள்ளே எட்டிப் பார்த்தானாம்.

பதினோராவது வாரத்திலும் போன் வந்தது. பன்னிரண்டிலும் வந்தது. தப்பென்று குறித்துவிட்டால் பேச வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் பத்து மணிக்குப் போன் வரும். என்ன சாப்பிட்டீர்கள் என்பதில் ஆரம்பித்து, எந்த ரூட்டில் ஓடினீர்கள், எந்த டிரைவர் மோசம் என்று பேச்சு நீளும். ஒருநாள் கண்டக்டர் கேட்டார்.

"நான் போனப்புறம் என்னை என்ன பண்ணுவீங்க சார்?"

"கோப்பை மூடுவோம். கணிப்போட ஒத்துப்போகலைன்னா விதிவிலக்குன்னு ஒதுக்கிடுவோம். நாடி அதைப் படிக்காது."

"அப்ப நான் ஒன்பதுன்னு எழுதிக் குடுத்தது?"

 "மூடுறவரைக்கும் படிக்கும்" என்றார் சபாநடேசன்.

இருபத்து மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை முற்பகலில் கண்டக்டர் நல்லதம்பி இறந்தார். கடைசி மூன்று வாரம்தான் படுக்கை. அதுவரை பேப்பர் படித்து, நகராட்சியைத் திட்டி, மனைவி கையால் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். ஹெப்சிபா மாலை வாங்கிக்கொண்டு போனாள். இந்திராணி அவளுக்கு முன்பே வந்து, ரெங்கம்மாளுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் சபாநடேசனிடமிருந்து ஹெப்சிபாவுக்குப் போன் வந்தது. "கோப்பை மூடணும்மா. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. நோயாளியின் தவறு, மருத்துவமனையின் தவறு, இதர. மூணுதான் இருக்கு. எண்ணோட தவறுன்னு ஒண்ணு இல்ல."

"இதரன்னு போடுங்க சார்."

"போட்டேன். விளக்கம் கேக்குது. 'நோயாளி வாழ்ந்தார்'னு அடிச்சேன். 'போதுமான காரணம் அல்ல'ன்னு திருப்பி அனுப்பிடுச்சு. சரி, நான் பார்த்துக்கறேன்."

அவர் அதன்பிறகு ஏழு மாதத்தில் ஓய்வு பெற்றார். ஹெப்சிபாவும் அந்தக் கோப்பை மறந்துபோனாள். பயிற்சி வேலையிலிருந்து அவளைத் திரும்பவும் பரிசோதனைக் கூடத்துக்கு மாற்றினார்கள். வந்த முதல் வாரமே ஒரு தச்சருக்கு 6.4 வந்தது. வழக்கப்படி அமைதிப் பிரிவுக்கான தாளை எதிர்பார்த்து நின்றாள். அச்சாகி வந்த தாளில் 'கீமோ அளிக்கலாம்' என்றிருந்தது. மெஷின் கெட்டுவிட்டது என்று டாக்டர் ஷமீமாவிடம் ஓடினாள்.

"கெடல. மூணு மாசமா ஆறுக்கும் கொடுக்குது. நேத்து ஏழுக்குக் கொடுத்துச்சு" என்றாள் ஷமீமா. "எல்லா மாவட்டத்துலயும் இப்படித்தானாம். எதையோ புதுசாப் படிச்சிருக்கு. கோட்டையில யாருக்கும் எதுன்னு தெரியல. மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டாங்க."

ஹெப்சிபாவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. தன் அறைக்கு வந்து பழைய கோப்பைத் தேடினாள். அது மூடப்படவில்லை.

பா. நல்லதம்பி. எண் 9.2. கீமோ பெற்றவர். வாரம் 143. நிலை: உயிருடன்.

ஒன்பதுக்கு மேல் எண் உள்ளவர்களில் கீமோ பெற்ற ஒரே ஆள். அந்த ஒரே ஆள் நூற்று நாற்பத்து மூன்று வாரமாக இறக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் நாடி அவரைப் படித்துக்கொண்டிருந்தது.

கோப்பின் அடியில் ஒரு வரி இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் நோயாளியின் போனுக்கு 'நலமா? ஆம் எனில் 1 அழுத்தவும்' என்று செய்தி போகும். பதில் வராவிட்டால் கோப்பு தானாக மூடிக்கொள்ளும். கடைசியாகப் பதில் வந்தது நேற்று, வெள்ளிக்கிழமை, காலை 9.10.

அன்று வேலை முடிந்ததும் ஹெப்சிபா கண்டக்டர் வீட்டுக்குப் போனாள். கதவு திறக்குமோ என்னவோ என்று தயங்கித்தான் தட்டினாள். ரெங்கம்மாள் திறந்தாள். ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு வழிவிட்டு நின்றாள்.

"அந்த ஆபீசர் பதினாறாம் நாளன்னிக்கு வந்தாரு" என்றாள், கேட்காமலே. "நான் மூடல, ஆனா மூடாம இருக்கணும்னா வாரா வாரம் ஒண்ணை அமுக்கணும்னாரு. அமுக்குறதும் அமுக்காததும் உங்க இஷ்டம்னாரு. பொய்தானேய்யான்னு கேட்டேன். ஆமான்னாரு. அவ்வளவு பெரிய ஆபீசர், தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஆமான்னாரு."

ஹெப்சிபா வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"முதல் வாரம் சாயங்காலம் வரைக்கும் போனைத் தொடாம வெச்சிருந்தேன். உசுரோட இருக்காரான்னு கேக்குறான். பொண்டாட்டி நான், இருக்காருன்னு சொல்றேன். இதுல என்ன பொய்யின்னு அப்புறம் விட்டுட்டேன்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எத்தனை பேராச்சு?"

"யாரு, அக்கா?"

"ஆறும் ஏழும் வாங்கி, மருந்து கிடைச்சவுக. ஊரே பேசுதே."

"நம்ம மாவட்டத்துல இருபத்தாறு பேர். டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன்."

"எல்லாரும் நல்லா இருக்காகளா?"

"சிலர் போயிட்டாங்க. பத்துப் பேர் நல்லா இருக்காங்க. மத்தவங்களை இன்னும் சொல்ல முடியாது."

ரெங்கம்மாள் தலையாட்டினாள். பிறகு எழுந்து, ஸ்டவ்வைப் பற்ற வைத்துக்கொண்டே, "வர்ற வெள்ளிக்கிழமை தங்கச்சி மக கல்யாணத்துக்கு மதுரைக்குப் போகணும். அங்கன டவர் கிடைக்குமா?" என்று கேட்டாள்.